போன் இணைக்கவே இல்லை, கணினி ஏன் மூச்சிரைக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். போனிலுள்ள படங்கள், தொடர்பு எண்கள், நாட்காட்டி ஆகியவற்றைக் கணினியோடு ஒத்திசைக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து மடிக்கணினியின் மின்விசிறி ஓயவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அந்த மென்பொருளின் பின்னணிச் சேவை எந்நேரமும் சிபியு பத்தியில் 25 சதவீதத்தில் நிற்கிறது. போனை இணைக்காத நேரத்திலும் அதே கதை. இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. 'கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்கு' என்று நண்பர் சொல்கிறார்.

வாங்காதீர்கள். நீங்கள் எழுதிய விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. 24-க்கும் இறங்காமல் 26-க்கும் ஏறாமல் நிற்கும் அந்த 25-தான் அது. (கணக்குகளைப் போடும் சிபியுவைச் செயலி என்பார்கள்; அந்தச் சொல் இப்போது ஆப்பையும் குறிப்பதால், குழப்பம் வராமலிருக்க ப்ராசஸர் என்றே எழுதுகிறேன்.)

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் 'லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்' என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை ப்ராசஸர் ஓட்ட முடியும் என்பதே அந்த எண். உங்கள் கணினியில் அது 4 ஆகத்தான் இருக்க வேண்டும். நூறை நாலால் வகுத்தால் 25. ஒரு நிரலின் ஒரே ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை), ஒரு லாஜிக்கல் ப்ராசஸரை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது என்பதே இதன் பொருள். எட்டு இருக்கும் கணினியில் இதே கோளாறு 12 அல்லது 13 என்று தெரியும், பதினாறு இருந்தால் 6 என்று தெரியும். ஆறு சதவீதத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். புதுக் கணினி வாங்கினால் நோய் தீராது, காட்டும் எண் மட்டும் சிறியதாகும். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

ப்ராசஸர் சுமை இரண்டு வகைப்படும். ஒன்று உழைப்பு: படங்களைச் சுருக்குவது, பாடல்களை வேறு வடிவத்துக்கு மாற்றுவது, கோப்புகளை ஒப்பிடுவது. இன்னொன்று நெல் இல்லாத உரலில் உலக்கை போடுவது. இரண்டிலும் விசிறி ஒரே மாதிரிதான் அலறும், ஆனால் மருந்து வேறு. முதல் வகையில் வேலை முடியும்வரை பொறுத்திருக்கலாம், அல்லது வேலையைக் குறைக்கலாம். இரண்டாவது வகையில் காத்திருந்து பயனே இல்லை, ஏனென்றால் முடிவதற்கு அங்கே எதுவும் இல்லை.

எது என்று கண்டுபிடிப்பது எளிது. டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் தலைப்பு வரிசையின் மேல் வலது கிளிக் செய்து, பத்திகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 'ஐ-ஓ ரீட்ஸ்', 'ஐ-ஓ ரைட்ஸ்', 'ஐ-ஓ அதர்' ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படித்தது, எழுதியது, மற்றவை எத்தனை முறை என்று அவை காட்டும். ஐந்து நிமிடம் அந்தச் சேவையின் வரியை மட்டும் பாருங்கள். ப்ராசஸர் உச்சியில் இருக்க, மூன்று எண்களும் அசையாமல் நின்றால் அது வெறும் சுழற்சி. 'அதர்' மட்டும் தலைதெறிக்க ஏறினால், எதையோ கேட்டுக்கேட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். படிப்பதும் எழுதுவதும் ஏறிக்கொண்டிருந்தால் உண்மையிலேயே வேலை நடக்கிறது. போன் இணைக்காதபோதும் 25 நிற்பதால், உங்களுடையது முதல் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரு மென்பொருள் ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்? போன் எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. ஒழுங்காக எழுதப்பட்ட நிரல், 'போன் வந்தால் எழுப்பு' என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டுத் தூங்கும். தூங்கும்போது ப்ராசஸர் செலவு பூஜ்யம். சற்றுச் சோம்பேறித்தனமாக எழுதப்பட்டது, வினாடிக்கு ஒருமுறை விழித்து 'வந்துவிட்டதா?' என்று கேட்கும். அதனாலும் பெரிய கேடு இல்லை. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், காத்திருக்க வேண்டிய அழைப்பு (நிரல் விண்டோஸிடம் வைக்கும் கோரிக்கை) காத்திருக்காமல் பிழையோடு உடனே திரும்பிவரும்போது. நிரல் எழுதியவர் அந்தப் பிழையை எதிர்பார்க்கவில்லை, அதனால் இடையில் ஒரு சிறு ஓய்வும் வைக்கவில்லை. கேள், பிழை, கேள், பிழை. 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்றால் வினாடிக்கு 300 கோடித் துடிப்பு. அந்தத் துடிப்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்கே போய்விடும்.

காத்திருக்க வேண்டிய அழைப்பு ஏன் உடனே திரும்புகிறது? பெரும்பாலும் நடுவில் வேறொருவர் புகுந்திருப்பார். விண்டோஸில் ஐபோனுக்கான 'ஆப்பிள் மொபைல் டிவைஸ் சர்வீஸ்' எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். யுஎஸ்பி வழியாகப் போனோடு பேசுவது அந்தச் சேவை. ஐடியூன்ஸ் அதனோடு பேசுவதற்கு, கணினிக்குள்ளேயே 127.0.0.1 என்ற முகவரியில் 27015 என்ற போர்ட்டைப் (பேச்சுக்கான வாசல் எண்) பயன்படுத்துகிறது. அதாவது, இணையத்துக்கே போகாத பேச்சுகூட விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கான வின்சாக் வழியாகத்தான் நடக்கிறது. வேறு போன் மென்பொருள்கள் பலவும் தங்கள் பின்னணிச் சேவைக்கும் திரையில் தெரியும் ஜன்னலுக்கும் இடையே இதே வழியைத்தான் வைத்திருக்கின்றன.

அந்த வின்சாக் சங்கிலியில் மூன்றாம் தரப்பு மென்பொருள்கள் தங்கள் கண்ணியைக் கோத்துக்கொள்ள முடியும். லேயர்ட் சர்வீஸ் ப்ரொவைடர், சுருக்கமாக எல்எஸ்பி என்பார்கள். பழைய வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், விபிஎன்கள் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்புபவை), குழந்தைகளுக்கான இணைய வடிகட்டிகள், டவுன்லோடை வேகப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்பவை எல்லாம் இப்படி நுழைந்திருக்கும். விண்டோஸ் 8 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் இந்த முறையைக் கைவிடச் சொல்லிவிட்டது. ஆனால் பழைய கணினிகளில் எச்சங்கள் இருக்கும். மென்பொருளை நீக்கிய பிறகும் கண்ணி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அது கோளாறு செய்தால் பழி ஒத்திசைவு மென்பொருளின் மேல் விழுகிறது. நீங்கள் இரண்டு முறை நீக்கி நிறுவியும் பயன் இல்லாமல் போனது ஏன் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். நீக்க வேண்டியது வேறு எதுவோ!

ஊகத்தோடு நிறுத்தாமல் சோதித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை நிர்வாகி உரிமையோடு திறந்து, அந்தச் சேவையின் பெயரை இரட்டைக் கிளிக் செய்து, த்ரெட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ப்ராசஸரை அதிகம் தின்னும் த்ரெட் மேலே நிற்கும்படி வரிசைப்படுத்துங்கள். ஸ்டார்ட் அட்ரஸ் என்ற பத்தியில் அது எந்தக் கோப்பிலிருந்து தொடங்கியது என்பது தெரியும். பிறகு ஸ்டாக் பொத்தானை அழுத்தினால், அந்த நொடியில் எந்தெந்தக் கோப்புகளின் வழியாக அது போய்க்கொண்டிருக்கிறது என்ற பட்டியல் வரும். அந்தப் பட்டியல் முழுவதும் புரிய வேண்டியதில்லை. ஒத்திசைவு மென்பொருளுக்கும் விண்டோஸுக்கும் சொந்தமில்லாத ஒரு பெயர் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விபிஎன்னின் பெயரோ வைரஸ் தடுப்பின் பெயரோ அங்கே கிடந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

அகப்பட்டால் இரண்டு படி. முதலில் அந்த மென்பொருளைப் புதுப்பியுங்கள், அல்லது சற்று நேரம் நீக்கிவைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து 'நெட்ஷ் வின்சாக் ஷோ கேட்டலாக்' (netsh winsock show catalog) என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, வரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். பிறகு 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' (netsh winsock reset). அது அந்தச் சங்கிலியை ஆரம்ப நிலைக்குத் திருப்பும். உடனே கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இதற்குப் பிறகு விபிஎன் வேலை செய்யாமல் போகலாம், அதை மறுபடி நிறுவ வேண்டிவரும். அலுவலகக் கணினி என்றால் அங்கே அதைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.

மறுதொடக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏராளமானோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. இது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், விண்டோஸின் உட்கரு உண்மையில் அணைவதில்லை. அதன் நிலையை வட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அப்படியே எழுப்பிவிடுகிறது. சிக்கிக்கொண்ட டிரைவரும் (கருவிகளை இயக்கும் நிரல்) சேவையும் அதே சிக்கலோடு எழுந்து வரும். 'தினமும் அணைத்துத்தான் போடுகிறேன்' என்று சொல்பவரின் கணினி பல வாரமாக முழுமையாகத் தொடங்கியே இருக்காது. ஸ்டார்ட் பட்டியலில் 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் முழுத் தொடக்கம் நடக்கிறது. மேலே சொன்ன எதற்கும் முன்பு இதைச் செய்து பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்து கேபிள். உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் இதே குறையோடு வருபவர்களில் பலருக்குப் பொருந்தும். உறவினர் ஒருவரின் கணினியில் ஒரு மாலை முழுவதும் தலையை உடைத்துக்கொண்டேன். சேவை நிமிடத்துக்குச் சில முறை எகிறி, இறங்கி, மறுபடி எகிறியது. டிரைவரை மாற்றினேன், மென்பொருளை மாற்றினேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் வேறு எதற்கோ ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டியபோதுதான், யுஎஸ்பி இணைந்து துண்டிக்கும் அந்த 'டிங்-டாங்' ஓசை விடாமல் வந்துகொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒலியை அணைத்தே வைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கேபிளின் உள்ளே கம்பி தளர்ந்திருந்தது. ஒவ்வொரு முறை இணையும்போதும் விண்டோஸ் போனை அடையாளம் காண்கிறது, டிரைவரை ஏற்றுகிறது, ஒத்திசைவுச் சேவை விழித்துக் கைகுலுக்கத் தொடங்குகிறது, அதற்குள் இணைப்பு போய்விடுகிறது. கேபிளை மாற்றியதும் கணினி அமைதியானது. எனவே கேபிளுக்கான முதல் சோதனை: ஒலியைக் கூட்டிவிட்டுக் காது கொடுங்கள். யுஎஸ்பி ஹப் இருந்தால் அதைத் தவிர்த்து, நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' (வன்பொருள் ப்ராசஸரைக் குறுக்கிட்டு அழைப்பதைக் காட்டுவது) என்ற வரி தொடர்ந்து பல சதவீதம் காட்டினாலும் சந்தேகம் வன்பொருள் பக்கமே திரும்ப வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் எம்டிபி என்ற மீடியா டிரான்ஸ்ஃபர் ப்ரோட்டோகாலின் குணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. பென் டிரைவைப் போலப் போனின் சேமிப்பகம் நேரடியாகக் கணினியின் கைக்கு வருவதில்லை. கணினி ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், போன் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பரிமாற்றம்தான். ஒரே கோப்புறையில் இருபதாயிரம் படங்கள் குவிந்திருந்தால், பட்டியல் எடுப்பதற்கே நேரமாகும். அதே வேளையில் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலும் திறந்திருந்தால் அது சிறுபடங்களைக் கேட்டு நச்சரிக்கும். டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் டிரைவர் ஃபவுண்டேஷன்' என்று தொடங்கும் பெயர் உச்சியில் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஜன்னலை மூடுங்கள். படங்களை ஆண்டுவாரியாகப் பிரித்து வையுங்கள். மின்னேற்றத்துக்கு மட்டும் செருகினால், போனின் அறிவிப்பில் வரும் யுஎஸ்பி தேர்வில் 'சார்ஜிங் மட்டும்' என்பதை விட்டு மாற்றாதீர்கள்.

இனி உண்மையான உழைப்பு. இதைக் கோளாறு என்று எண்ணி மென்பொருளைக் கொன்றுபோடுபவர்கள் உண்டு, ஒவ்வொரு முறை கொல்லும்போதும் அது முதலிலிருந்து தொடங்குகிறது. ஐடியூன்ஸில் அதிக பிட்ரேட் (வினாடிக்கான தரவு அளவு) உள்ள பாடல்களை 128 கேபிபிஎஸ் ஏஏசி ஆக மாற்றி அனுப்பும் தேர்வு ஒன்று இருக்கிறது. எப்போதோ போனில் இடம் போதாதபோது அதை டிக் செய்துவிட்டு மறந்திருப்பீர்கள். புதிதாகச் சேர்க்கும் பாடலையெல்லாம் கணினி உட்கார்ந்து மறு உருவாக்கம் செய்யும். போனில் இடம் இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், அந்தச் சுமை இறங்கிவிடும். சிங்க்திங் (கருவிகளுக்கிடையே கோப்புறைகளை ஒத்திசைப்பது) போன்ற மென்பொருள்கள் வேறு மாதிரி. எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று அறிய, ஒவ்வொரு கோப்பையும் துண்டுகளாக்கி எஸ்எச்ஏ-256 என்ற கைரேகைக் கணக்குப் போடுகின்றன. முதல் முறை எல்லாக் கோப்புக்கும் போட்டாக வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. இரவில் விட்டுவிட்டுத் தூங்குங்கள். அதன் பிறகும் அது 3600 வினாடிக்கு ஒருமுறை கோப்புறை முழுவதையும் மேய்ந்து பார்க்கும். மாறாத கோப்புகளுக்கு மறுபடி கணக்குப் போடாது என்றாலும், கோப்புகள் மிக அதிகமாக இருந்தால் அந்த இடைவெளியைக் கூட்டிவைக்கலாம்.

சில நேரம் உழைப்பவர் ஒருவர், பழி ஏற்பவர் இன்னொருவர். ஐபோனின் பேக்கப் கோப்புறையைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நாற்பது எழுத்துப் பெயர்கொண்ட கோப்புகள் ஆயிரக்கணக்கில், 256 துணைக் கோப்புறைகள் வரை பரவிக் கிடக்கும். பேக்கப் எழுதப்படும்போதே வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொன்றையும் திறந்து மோப்பம் பிடிக்கும். விண்டோஸின் தேடல் அட்டவணையும் அங்கே வரக்கூடும். அப்போது சுமை 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்ற பெயரில் தெரியும். அந்த ஒரு பேக்கப் கோப்புறையை மட்டும் வைரஸ் சோதனையிலிருந்தும் அட்டவணையிலிருந்தும் விலக்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் போனிலிருந்து வரும் டவுன்லோடுகள் விழும் கோப்புறையை ஒருபோதும் விலக்க மாட்டேன்.

உழைப்புபோலத் தொடங்கிச் சுழற்சியாக மாறும் மூன்றாவது வகையும் இருக்கிறது. ஒத்திசைவு எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். எங்கோ ஒரு பதிவு கெட்டிருக்கும். முடிவுத் தேதி இல்லாமல் திரும்பத்திரும்ப வரும் நாட்காட்டி நிகழ்வு, சிதைந்துபோன ஒரு படம், இப்படி ஏதாவது. இதைப் பிடிக்கப் பாதிபாதியாகக் கழிப்பதே வழி. நாட்காட்டி, தொடர்பு எண்கள், படங்கள், பாடல்கள் நாலும் இருந்தால் முதலில் இரண்டை நிறுத்துங்கள். சிக்கல் போய்விட்டால் நிறுத்திய இரண்டில் ஒன்று குற்றவாளி. அதற்குள்ளும் பழைய பாதி, புதிய பாதி என்று பிரித்துக்கொண்டே போகலாம். ஆயிரம் பதிவுகளிலிருந்து பத்தே தடவையில் ஒன்றுக்கு வந்துவிடலாம்.

இரண்டு எஜமானர் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததுதான். தொடர்பு எண்களைக் கணக்கு வழியாக மேகச் சேவையும் ஒத்திசைக்கிறது, கேபிள் வழியாக இந்த மென்பொருளும் ஒத்திசைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மாற்றியதை இன்னொன்று 'புதிய மாற்றம்' என்று எண்ணித் திருப்பி அனுப்பும், முதலாவது அதை மறுபடி வாங்கிக்கொள்ளும். ராமசாமி ஒருவர் நாலு ராமசாமியாகப் பெருகியிருந்தால் உங்கள் வீட்டில் இந்தப் பந்தாட்டம் நடக்கிறது. ஒரு வழியை நிறுத்துங்கள். கேபிள் வழியை நிறுத்துவது நல்லது என்பது என் கருத்து. நிறுத்தும் முன்பு எண்களை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. அங்கே டாஸ்க் மேனேஜர் போன்ற ஆக்டிவிட்டி மானிட்டரில் கணக்கு வேறு: 100 சதவீதம் என்றால் ப்ராசஸரின் ஒரு கோர் (ஒரு பிரிவு) மட்டும், 300 என்று தெரிந்தாலும் பதற வேண்டாம். 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் ஐபோன் ஒத்திசைவு, கோப்புகளைக் காட்டும் ஃபைண்டருக்குப் போய்விட்டதால், 'ஏஎம்பி டிவைசஸ் ஏஜென்ட்' போன்ற பெயர்களைத் தேடுங்கள். படங்களை ஏற்றிய மறுநாள் 'ஃபோட்டோ அனாலிசிஸ் டி' ஓடினால் அது முகங்களையும் காட்சிகளையும் பிரித்துக்கொண்டிருக்கிறது. மின் இணைப்பில் போட்டுவிட்டு விடுங்கள், தானே முடித்துக்கொள்ளும்.

போனைக் கணினியோடு இணைக்கும் விண்டோஸின் 'ஃபோன் லிங்க்' ஆப்தான் தொல்லை, அதை நீங்கள் பயன்படுத்துவதும் இல்லை என்றால் ஆராய்ச்சியே தேவையில்லை. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் கூடுதல் விருப்பங்களில் பின்னணி அனுமதியை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்துவிடுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் முன்னுரிமையைக் குறைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் மற்ற வேலைகள் தடைபடாமல் ஓடும், ஆனால் சும்மா இருக்கும் நேரமெல்லாம் அந்தச் சுழற்சியே தின்னும். சூடு குறையாது, பேட்டரியும் தேறாது. ரெஜிஸ்ட்ரியைத் (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடு) துப்புரவு செய்வதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். இருக்கிற கோளாறோடு இன்னொன்று சேரும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் ரீஸ்டார்ட். 25 திரும்ப வந்தால், சர்வீசஸ் ஜன்னலில் அந்தச் சேவையை நிறுத்தி, விசிறி அடங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு விபிஎன்னையும் வைரஸ் தடுப்பின் இணையக் காவலையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டுச் சேவையை மறுபடி தொடங்குங்கள். அப்போது 25 வராவிட்டால் வின்சாக் பக்கம் போகலாம். வந்தால் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் மேலே நிற்கும் த்ரெட்டின் ஸ்டாக் பட்டியலை நகலெடுத்து இங்கே போடுங்கள், அதிலுள்ள பெயர்களைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன். அதுவரை அந்தச் சேவையின் ஸ்டார்ட்அப் வகையை 'மேனுவல்' என்று மாற்றிவைத்தால், போனை ஒத்திசைக்க வேண்டிய நேரத்தில் மட்டும் நீங்களே அதைத் தொடங்கிக்கொள்ளலாம், விசிறிச் சத்தம் இல்லாமல் தூங்கவும் செய்யலாம்.